நாட்படமும் மைப்படியும்

தாம் பிறந்து வளர்ந்த நகரத்தை நாளுக்கு ஒரு படமாக எடுத்து, தேதியிட்டுப் பொதுவெளியில் வைத்து வருவோரைப் பற்றி நம் கல்விப்புலத்துக்கு ஓர் எண்ணம் உண்டு: அது ஓய்வுநேர விருப்பம், மிஞ்சிப்போனால் ஊர்ப்பாசம். ஆய்வுக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. இந்த எண்ணம் தவறானது மட்டுமன்று, கடற்கரை நகரங்களைப் பொறுத்தவரை தீங்கானதும் ஆகும் என்பது என் வாதம். சற்று நீளும், பொறுத்தருள்க.

கடற்கரை வாழ்வாதாரம் குறித்த என் ஆய்வேட்டின் ஓர் இயலில், வடசென்னைக் கரையில் வாழும் ஒருவர் ஆண்டுக்கணக்காக எடுத்துவைத்த நாட்படங்களைச் சான்றாகக் காட்டியிருந்தேன். “இவை சான்றல்ல, வேண்டுமானால் பின்னிணைப்பில் அழகுக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்பது மதிப்பீட்டுக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த அறிவுரை. சொன்னவர் யார், எந்த நிறுவனம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எங்கே கொண்டுபோய்க் காட்டியிருந்தாலும் ஏறத்தாழ இதே சொற்கள்தாம் கிடைத்திருக்கும். அதே நாளிதழின் ஒரு துண்டுச் செய்தியை அடிக்குறிப்பில் காட்டியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள். அதன் நிருபர் அந்தக் கரையில் அரைமணி நேரமாவது நின்றாரா என்று யாரும் கேட்பதில்லை.

மைசூரில் இருந்துகொண்டு இதைக் கேட்க நேர்ந்ததுதான் வேடிக்கை. இந்திய அரசின் கல்வெட்டியல் அலுவலகம் 1966இல் உதகமண்டலத்திலிருந்து இந்த ஊருக்கு வந்தது. தமிழகக் கோயில்களிலும் பாறைகளிலும் எடுக்கப்பட்ட எண்ணற்ற மைப்படிகள் பல பத்தாண்டுகளாக இங்கேதான் இருந்தன. மைப்படி எடுக்கும் முறை எளியது: கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். ஒளியின் இடத்தில் மை, அவ்வளவுதான் வேறுபாடு. திருப்பணி என்ற பெயரில் சுவரே பெயர்க்கப்பட்ட கோயில்கள் எத்தனை! அவற்றுக்கெல்லாம் இன்று அந்தத் தாளே சாட்சி. அந்தத் தாளை நாம் நம்புவது ஏன்? எந்த ஆண்டு, எத்தனையாம் எண், எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர் என்ற குறிப்பு அதனுடன் வருவதால். குறிப்பில்லாத மைப்படி கையில் கிடைத்தால் கல்வெட்டறிஞர் என்ன செய்வார்? படிப்பார், பெருமூச்சு விடுவார், மேற்கோள் காட்டத் தயங்குவார்.

2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழ் மைப்படிகளைச் சென்னைக்கு மாற்ற உத்தரவிட்டபோது, நம்மில் எத்தனை பேர் மகிழ்ந்து எழுதினோம்! தாள்களை மீட்க நீதிமன்றம் வரை போகத் தெரிந்த சமூகம் இது. அதே சமூகத்தின் பல்கலைக்கழகங்கள், தேதியும் இடமும் குறித்த ஒரு கடற்கரைப் படத்தைச் சான்றென ஏற்க மறுக்கின்றன. கல்லில் இருப்பது அரசனின் ஆணை, படத்தில் இருப்பது மீன் கூடை என்பதைத் தவிர இந்த மறுப்புக்கு வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

நாள்தோறும் குறித்துவைப்பது நமக்குப் புதிய பழக்கமும் அன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு, ஒரு கடற்கரை நகரத்தின் அன்றாடப் பதிவுதானே? கப்பல் வந்ததும் போனதும், சரக்கின் விலை, பீரங்கி முழக்கம், ஊர்வம்பு, யார் யாரைச் சந்தித்தார்கள் என்பதெல்லாம் தேதியோடு அதில் உள்ளன. அவர் வணிகர், துபாஷி, வரலாற்றாசிரியர் அல்லர். தம் ஆதாயமும் தம் பகைகளும் கலந்தே எழுதினார். 1846இல் அது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுவோர் அதனைத் தாண்டிச் செல்ல இயலவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், நூல்களோடு திருமண அழைப்பிதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் சேர்த்துக்கொண்டிருந்தார். 1994இல் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று அங்கே அமர்ந்து அந்த நோட்டீசுகளை அடிக்குறிப்பாக்குகிறோம். பாரிசில் ஆட்ஜே என்பவர் தெருவையும் கடைமுகப்பையும் பல ஆண்டுகள் படமெடுத்து, ‘ஆவணங்கள்’ என்றே சொல்லி விற்றார். அவர் உயிரோடிருக்கும்போதே அங்குள்ள நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அவற்றை விலைகொடுத்து வாங்கின. நாமோ படமெடுத்தவர் மறைந்து நூறாண்டு ஆகட்டும் என்று காத்திருக்கும் வழக்கமுடையோர்.

எல்லா நகரத்துக்கும் நாட்படம் பயன்படும். கடற்கரை நகரத்துக்கு அது இன்றியமையாதது. ஏனெனில் அங்கே நிலமே நிலையாக நிற்பதில்லை. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது மணல் தெற்கே போகும். மற்ற மாதங்களில் வடக்கே. ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே மிகுதி. 1875இல் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கிக் கடலுக்குள் கற்சுவர்கள் நீண்டன. தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைப்பட்டுத் தேங்கியது. ஒருகாலத்தில் கோட்டையின் சுவரருகே அலையடித்த கடல் பின்வாங்கியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். அதற்குப் பின்னும் மணல் வளர்ந்துகொண்டே போயிற்று. நாம் பெருமைப்படும் அந்த அகன்ற கடற்கரைக்குரிய விலையைத் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையுள்ள குப்பங்கள் கொடுத்தன. மணல் வரத்து நின்ற அக்கரையைக் கடல் அரித்தது. தெருக்கள் போயின, பாறாங்கற்களைக் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்தது.

மெரினாவின் படங்கள் அஞ்சலட்டைகளில் குவிந்து கிடக்கின்றன. அரிக்கப்பட்ட கரையின் நாள்வாரிப் படம் எங்கே? துறைமுகப் பொறியாளர்களின் அறிக்கையும் கடலோர வரைபடமும் இருக்கலாம். இந்தத் தெரு எந்த மாதம் போயிற்று, போவதற்கு முந்தைய வாரம் அங்கே எத்தனை கட்டுமரங்கள் கிடந்தன என்பதற்கு அவற்றில் விடை இருக்காது.

“செயற்கைக்கோள் படம் இருக்கிறதே” என்று புவியியல் துறை நண்பர்கள் சொல்வார்கள். இருக்கிறது; நானும் பயன்படுத்துகிறேன். லேண்ட்சாட் கோள் ஒன்று ஓரிடத்தின் மேல் திரும்ப வர 16 நாள் ஆகும். அதன் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டர். கரை அரிபடும் புயல் நாள்களில் வானத்தை மேகம் மூடியிருக்கும். ஒரே இரவில் போன மணலையும், அடுத்த நாள் காலை ஏறிக் கிடக்கும் படகையும், சாய்ந்த மின்கம்பத்தையும் அது காணாது. தரையில் நிற்கும் ஒருவர் காண்பார்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின. முதலில் வந்த அறிவிப்புகள் பாதிப்பில்லை என்றன. பிறகு சிறு கசிவு என்றன. கரையில் மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளி அகற்றிய எண்ணெய்க் கசடு நூறு டன்னைத் தாண்டியது. அறிவிப்புக்கும் உண்மைக்கும் இடையில் இருந்த அந்த நாள்களில் பேசியவை கரையில் நின்றவர்கள் எடுத்த படங்களே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் அப்படித்தான்: வீட்டுச் சுவரில் எண்ணெய் ஏறிய கோடு, எந்த உயரம் வரை என்பது படத்தில் இருந்தது. அத்தகைய படங்கள் பேரிடர் நாளில் மட்டும் எடுக்கப்படுவதே இங்குள்ள குறை. முந்தைய ஆண்டு அதே சுவர் எப்படி இருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டால் கையில் ஒன்றும் இல்லை. சலிப்பூட்டும் சாதாரண நாள்களின் படம்தான் அக்கேள்விக்கு விடை. நாட்படம் வைப்பவரிடம் இருப்பது அதுவே.

இன்னொன்று. 2023 ஏப்ரலில் பட்டினப்பாக்கத்தை ஒட்டிய மெரினா வளைவுச் சாலையில் மீன் விற்றோரின் கடைகளை ஆக்கிரமிப்பு என்று அகற்றினார்கள். மீனவர்கள் சாலையில் அமர்ந்தார்கள். தலைமுறை தலைமுறையாக விற்கும் இடத்துக்குச் சாலைதான் வந்தது, சாலைக்கு நாங்கள் வரவில்லை என்பது அவர்களின் வாதம். 1985இலும் அழகுபடுத்தல் என்ற பெயரில் மெரினாவிலிருந்து கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முயன்று, துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. யார் முதலில் இருந்தார்கள் என்பதே இரு முறையும் வழக்கின் உயிர். அரசிடம் கோப்பு இருக்கிறது. குப்பத்திடம் நினைவு இருக்கிறது. நினைவைச் ‘செவிவழிச் செய்தி’ என்று தள்ளும் அதே கல்விப்புலம் படத்தையும் ‘பொழுதுபோக்கு’ என்று தள்ளினால், அம்மக்கள் எதைக் கொண்டு பேசுவது?

மறுதரப்பின் வலுவான வாதம், படம் பொய்யாக்கப்படலாம் என்பதன்று. பட்டயமும் பொய்யாக்கப்பட்டதுண்டு, போலிச் செப்பேடுகளை இனங்காணத் தனி நுட்பமே வளர்ந்தது. எடுப்பவர் தாம் விரும்பியதையே எடுப்பார் என்பதும் பெரிய தடையன்று. பிள்ளையவர்களும் விரும்பியதையே எழுதினார். வலுவான வாதம் வேறு: எடுக்கப்படுபவரின் இசைவு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் மனிதர்கள் சாதிக்கு ஒரு மாதிரியாக நிறுத்தப்பட்டுப் படமாயினர். சென்னைக் கரையின் பழைய படங்களிலும் கட்டுமரத்தார் அவ்வாறே நிற்கிறார்கள், பெயர் கிடையாது. இன்று விடியற்காலையில் விலையுயர்ந்த படக்கருவியோடு காசிமேட்டுக்கு வந்து, மீன் கூடை சுமக்கும் பெண்ணின் முகத்தை நெருங்கி எடுத்துப் போட்டிக்கு அனுப்புவோர் தர்ஸ்டனிடமிருந்து அதிக தூரம் போய்விடவில்லை. அதுமட்டுமன்று: கடை சாலையில் இருந்ததைக் காட்டும் படம் மாநகராட்சியின் கைக்குப் போனால் விற்றவருக்கே எதிராகத் திரும்பும். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆயினும் வெளியிலிருந்து ஒருநாள் வந்து எடுப்பவருக்கும், அதே தெருவில் வாழ்ந்து நாள்தோறும் எடுப்பவருக்கும் வேறுபாடு உண்டு. பின்னவர் மறுநாளும் அம்முகங்களைப் பார்த்தாக வேண்டும். ஆவணப் படக்கலைஞர் பழனிக்குமார் மீனவப் பெண்களுக்கும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் படக்கருவியைக் கொடுத்துப் பயிற்றுவித்து வருகிறார். நம் சமூகவியல் துறைகள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மரபுச்சின்ன ஆர்வலர்களிடமும் எனக்கு ஒரு சச்சரவு உண்டு. ஆகஸ்ட் மாதச் சென்னை விழாக்களில் இந்தோ-சாரசெனிக் கோபுரங்கள் ஓயாமல் படமாகின்றன. அவை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் பழைய படங்கள்தாமே மிஞ்சின. இங்கே மைசூரிலும் 2012இல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதியும், 2016இல் தேவராஜ சந்தையின் ஒரு பகுதியும் இடிந்து விழுந்தன. ஒளிவெள்ளத்தில் அரண்மனையை எடுத்த படங்கள் கோடிக்கணக்கில் இருக்கும். சந்தைக் கூரையின் விரிசலை யார் எடுத்தார்கள்? அரண்மனை எங்கும் போய்விடாது. எடுக்கவேண்டியவை பேருந்து நிறுத்தத்தின் பெயர்ப்பலகை, ஐஸ் உடைக்கும் இடம், வலை பின்னும் நிழல், மழைநீர்க் கால்வாயின் வாய், கடற்சுவரில் எத்தனையாம் கல் வரை ஈரம் ஏறியது என்பது.

எடுத்துவைத்தால் போதுமா என்றால், போதாது. இப்படங்கள் வாழும் இடம் தனியார் நிறுவனங்களின் கணினிகள். இடம் குறித்த படங்களுக்கென்றே இருந்த பனோரமியோ 2016இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019இல் போயிற்று. ஃபிளிக்கர் இலவசக் கணக்குகளுக்கு ஆயிரம் படம் என்று வரம்பு வைத்தது. நாளுக்கு ஒன்று எடுப்பவருக்கு ஆயிரம் என்பது மூன்றாண்டு கூட வராது. பாரிசில் 2005இல் ஒருவர் தொடங்கிய நாட்படப் பழக்கம் உலக நகரங்களுக்குப் பரவிச் சென்னையிலும் பல ஆண்டுகள் நடந்தது. அந்தப் பல்லாயிரம் படங்களில் எதையாவது நம் பல்கலைக்கழக நூலகம் ஒன்று கேட்டு வாங்கி, பதிவெண் இட்டு வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆய்வேட்டை மட்டும் எண்முறைக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஆய்வேடு எதன்மேல் நிற்கிறதோ அதற்கு விதி இல்லை.

ஆகவே நெறியாளர்களிடம் கேட்கிறேன்: நாட்படத்தைச் சான்றாக ஏற்க என்ன நிபந்தனை வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். எடுத்தவர், தேதி, நேரம், நின்ற இடம், நோக்கிய திசை, திருத்தப்படாத மூலக்கோப்பு எங்கே உள்ளது, படத்தில் இருப்போரின் இசைவு பெறப்பட்டதா என இவ்வேழையும் நான் தரத் தயார். மைப்படியின் பதிவேட்டில் இதில் பாதிதான் இருக்கிறது. கடற்கரை ஊர்களிலிருந்து வந்து இங்கே படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரே இடத்தில் நின்று, ஒரே திசை நோக்கி, நாளுக்கு ஒன்று எடுங்கள். கலங்கரை விளக்கமோ கோயில் கோபுரமோ பெயராத மின்கம்பமோ ஒன்று சட்டத்துக்குள் இருக்கட்டும். கரை எவ்வளவு நகர்ந்தது என்று பின்னர் அளக்க அது வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே தொடங்கிவிட்டால், மணல் இருந்த கரையும் மணல் போன கரையும் இரண்டுமே கையில் இருக்கும்.