சுங்கம் தவிராத சாலை

முதற் குலோத்துங்க சோழனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஒரு பட்டப் பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் இதை உருப்போட்டிருக்கிறோம். கங்கை கொண்டவன், கடாரம் கொண்டவன் என்ற பெயர்களைத்தான் எங்களைப் போன்ற கதை எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். அவற்றில் யானைப் படையும் இருக்கிறது, கப்பலும் இருக்கிறது. சுங்கத்தைத் தவிர்த்தவனை வைத்துக் கொண்டு ஐந்து பாகம் தொடர்கதை எழுத முடியுமா? ஆனால் அந்தக் காலத்து வண்டிக்காரனையும் வியாபாரியையும் கேட்டிருந்தால், கடாரத்தைப் பற்றி அவர்கள் அவ்வளவாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள் என்றே தோன்றுகிறது.

அந்தச் சோழன் ஆண்ட காலத்தில், ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்த உடையவர் இராமாநுஜர் உயிரோடிருந்தார். அதே ஸ்ரீபெரும்புதூர் வழியாகத்தான் இன்று சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் சுங்கம் தவிர்க்கப்படவில்லை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சில மாதங்களுக்கு முன்பு காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். வாடகைக் காரில் போய் வந்தேன். ஒரு சுங்கச் சாவடியில் (எது என்று சொல்லப் போவதில்லை, ஒரு சாவடியை மட்டும் குறை சொல்வது மற்றவற்றுக்குச் செய்கிற அவமதிப்பாகும்) எங்கள் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த வில்லையை அந்த இயந்திரம் படிக்க மறுத்துவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின. டிரைவர் இறங்கிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, "இரட்டிப்புக் கட்டணம் கட்டணுமாம் சார்" என்றார்.

"பழுது அவர்களுடைய இயந்திரத்தில் அல்லவா, தம்பி?"

"அது நமக்குத் தெரியும் சார். மெஷினுக்குத் தெரியாதே!"

இது சின்ன விஷயம். இதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. எடுக்க வைத்தது அதற்கு அரை மணி நேரம் கழித்து நான் கண்ட காட்சி.

என் மருமான் ஒருவன் வல்லம் வடகாலில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்கு வந்திருந்த அவனை இரவு ஷிப்டுக்கு இறக்கிவிடுவதற்காக, ஸ்ரீபெரும்புதூரில் பெரிய சாலையை விட்டுத் தெற்கே ஒரகடம் சாலையில் திரும்பினோம். வல்லம் வடகால்! பெயரிலேயே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இப்பொழுது அங்கே ஓடுவது கன்டெய்னர் லாரிகள். மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கார் செய்கிறார்கள், கைபேசி செய்கிறார்கள், ஆகாய விமானத்துக்கு உறுப்புச் செய்வதற்கென்றே ஒரு பூங்கா அமைத்திருக்கிறார்கள். பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக 706 கோடியே 50 லட்ச ரூபாய்ச் செலவில் கட்டப்பட்ட பிரம்மாண்டமான விடுதி 2024 ஆகஸ்டில் இங்கே திறந்து வைக்கப்பட்டது. 18,720 பேர் அதில் தங்கலாம். எத்தனையோ தாலுகா தலைநகரங்களில் கூட அவ்வளவு இளம் பெண்கள் இருக்க மாட்டார்கள்.

ஷிப்டு மாறுகிற நேரம். நாங்கள் வண்டியை நிறுத்திய இடத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு வேன் வந்து நின்றது. ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பேச்சிலே திருவண்ணாமலை வாடை வீசியது. சாலையைக் கடந்து அவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும். மேலே நடைபாலம் இல்லை, கீழே சுரங்க வழி இல்லை, விளக்குக் கம்பமும் தள்ளித்தான் இருந்தது. ஒருத்தி மற்றொருத்தியின் கையைப் பிடித்தாள். அவள் அடுத்தவளின் கையைப் பிடித்தாள். சிறுமிகள் கும்மி ஆடுவது போல ஒரு சங்கிலி உண்டாயிற்று. "அக்கா, இப்ப வேணாம், லாரி வருது!" என்று கடைசியிலிருந்த பெண் கத்தினாள். சங்கிலி நடுச்சாலையிலே நின்றது. லாரி போயிற்று. பிறகு அவர்கள் ஓடி வந்து சேர்ந்தார்கள். வந்ததும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் என்னை இன்னும் விடவில்லை.

"தினமும் இப்படித்தானா?" என்று மருமானைக் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, மாமா" என்றான் அவன். விசேஷமாக எதுவும் நடந்துவிட்டதாக அவன் நினைக்கவில்லை.

இனி இந்தப் பிரதேசத்துக்கு என்னென்ன சாலைகள் வருகின்றன என்று பார்ப்போம். பெங்களூரை அடுத்த ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையில், ஏறத்தாழ 260 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு விரைவுச் சாலை. 2022 மே மாதத்தில் பிரதமர் மோடி சென்னைக்கு வந்து இதற்கு அடிக்கல் நாட்டினார். எண்ணூர்த் துறைமுகத்தில் தொடங்கி மாமல்லபுரத்துக்கு அருகே முடிகிற 132 கிலோ மீட்டர் எல்லைச் சாலை இன்னொன்று. இதற்கு ஜப்பான் வரையில் போய்க் கடன் வாங்கியிருக்கிறார்கள். இந்த எல்லைச் சாலையின் ஒரு பகுதி, அந்தப் பெண்கள் கை கோத்துக் கடக்கிறார்களே, அதே ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் பாதையில்தான் அமைகிறது.

வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சாலை இல்லாமல் தொழிற்சாலை இல்லை, தொழிற்சாலை இல்லாவிட்டால் திருவண்ணாமலைப் பெண்ணுக்குச் சம்பளம் இல்லை. சுங்கமே கூடாது என்கிற கட்சியையும் நான் சேர்ந்தவனல்ல. ஆயிரக்கணக்கான கோடியில் சாலை போட்டால் யாராவது பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சாலையில் போகாத ராமநாதபுரத்துக் குடியானவனைவிட, அதில் போகிற நான் கொடுப்பதுதான் நியாயம்.

ஆனால் நியாயம் என்று ஆரம்பித்த பிறகு பாதியிலே நிறுத்திக் கொள்வது சரியல்ல. சுங்கம் என்பது வரி அல்ல, விலை. பெட்ரோலிலே சாலைக்காக ஒரு தீர்வை வாங்குகிறார்கள், வண்டியைப் பதிவு செய்யும்போது வரி வாங்குகிறார்கள். அவற்றையெல்லாம் வாங்கியான பிறகு சாவடியில் வாங்குவதற்கு ஒரே நியாயம்தான் உண்டு. 'உனக்கு நல்ல சாலை கொடுத்தோம், அதற்கு விலை கொடு' என்பதே அது. அப்படியானால், சாலை நன்றாயில்லாத நாளில் விலையும் இல்லையல்லவா? கத்தரிக்காய் சொத்தையாயிருந்தால் கொத்தவால் சாவடியில் கூடக் காசு கேட்க மாட்டார்கள். சுங்கச் சாவடியில் மட்டும் ஏன் கேட்கிறார்கள்?

இது என் சொந்தக் கற்பனை அன்று. மதுரவாயலிலிருந்து வாலாஜாபேட்டை வரையிலான சாலை குண்டும் குழியுமாய்க் கிடந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக் கொண்டு, சாலை சீராகும் வரையில் இரண்டு சாவடிகளிலும் பாதிக் கட்டணம்தான் வாங்கலாம் என்று 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகாவது நிலைமை திருந்தியதா? 2022 டிசம்பரில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மத்திய அமைச்சர் நிதின் கட்கரிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தச் சாலை இருக்கிற லட்சணத்தில், அந்தப் பக்கத்து மாவட்டங்களுக்குத் தாம் ரயிலில் போக வேண்டியிருந்தது என்று அதில் குறிப்பிட்டார். ஒரு ராஜ்யத்தின் முதலமைச்சருக்கு ரயில் கிடைத்தது. வேனில் போகிறவர்களுக்கு எந்த ரயில் கிடைக்கும்?

பழைய மகாபலிபுரம் சாலையை எடுத்துக் கொள்ளுங்கள். மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டதும், 2021 ஆகஸ்டு கடைசியில் அங்கே நான்கு சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். 2023 அக்டோபரில் நாவலூர்ச் சாவடியும் நின்றது. ஆக, சாலை கெட்டால் சுங்கம் நிற்கலாம் என்ற தத்துவத்தை மாநில சர்க்காரே ஒப்புக் கொண்டாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் மட்டும் அகலப்படுத்துகிற வேலை வருஷக் கணக்கில் இழுத்தாலும் வசூல் ஒரு நாள் கூடப் பிந்துவதில்லை. சாவடி அதிகாரிகளின் காலந்தவறாமையைச் சாலைக் காண்டிராக்டர்களுக்குக் கொஞ்சம் கடன் கொடுக்கக் கூடாதா?

வாங்குகிற பணத்திலும் தகராறு இருக்கிறது. செங்கல்பட்டை அடுத்த பரனூர்ச் சாவடியில் விதிக்கு விரோதமாகச் சுமார் 28 கோடி ரூபாய் வசூலிக்கப்பட்டதாக மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2023-ல் சொல்லிற்று. அந்தப் பணம் என் சட்டைப் பைக்கும் உங்கள் சட்டைப் பைக்கும் திரும்பி வந்ததா? எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்திருந்தால் தெரிவியுங்கள்.

இன்னொரு வித்தையும் உண்டு. கட்டி முடித்த சாலைகளில் இனிமேல் வரப் போகிற சுங்கத்தை மொத்தமாக ஒரு கம்பெனிக்கு விற்றுவிடுவது. 2018-ல் இந்த முறையில் முதன் முதலாக ஒன்பது சாலைகளை முப்பது வருஷத்துக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடம் ஒப்படைத்து 9,681 கோடி வாங்கினார்கள். அந்தப் பணத்தில் வேறு சாலை போடலாம் என்பது வாதம். கெட்ட வாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், இன்று பிறந்த குழந்தை முப்பது வயதில் கொடுக்கப் போகிற சுங்கத்தை இன்றைக்கே வாங்கிச் செலவழிக்கிறவர்கள், அந்தக் குழந்தை பத்து வயதில் சாலையைக் கடப்பதற்கு ஒரு பாலத்தைத் திட்டத்திலே எழுதி வைக்கக் கூடாதா?

திட்டம் போடுகிறவர்கள் சாலையை நீளவாக்கில் மட்டும் பார்க்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு. ஹொஸ்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு எத்தனை மணி நேரம் மிச்சமாகும் என்று கணக்கிட்டுச் சொல்கிறார்கள். வல்லம் வடகாலில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக எத்தனை நிமிஷம் ஆகும் என்று யாரும் கணக்கிடுவதில்லை. சொந்தக் கார்க்காரருக்கு 3,000 ரூபாயில் 200 தடவை போகலாம் என்று 2025 ஆகஸ்டு 15 முதல் வருஷ பாஸ் கொடுத்தார்கள். சந்தோஷம். தொழிலாளிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வேனுக்கு அந்தப் பாஸ் செல்லாது. இரு சக்கர வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது என்பார்கள். வாஸ்தவந்தான். ஆனால் பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து இரு சக்கர வண்டியையே தடுத்துவிட்டார்கள். வேகத்துக்கு அது அவசியமாக இருக்கலாம். அப்படித் தடுக்கும்போது, அவன் போவதற்குப் பக்கத்திலே முழு நீளத்துக்கும் ஒழுங்கான சாலை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதும் அவசியமல்லவா?

"நடைபாலத்துக்கு நிதி இல்லை" என்று ஓர் இஞ்சினீயர் நண்பர் என்னிடம் சொன்னார். அவர் நல்ல மனிதர். இல்லை என்று சொல்லும்போது வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சுங்கத்துக்காக வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. நிதி இல்லையாம்!

ஆகையால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு சாவடியிலும் வாங்குகிற பணத்தில் ஒரு பங்கை, அந்தச் சாவடிக்கு உட்பட்ட சாலையின் நடைபாலம், பஸ் நிற்கும் இடம், பக்கச் சாலை, விளக்கு ஆகியவற்றுக்கென்று முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். கடன்காரனுக்கு வட்டி கட்டுவது அப்புறம். சாலை கெட்டுக் கிடந்தால், யாரும் கோர்ட்டுக்குப் போகாமலே கட்டணம் குறைய வேண்டும். சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று, இதுவரை எவ்வளவு வசூலாயிற்று என்ற கணக்கு இணையத்தில் எங்கேயோ இருக்கிறதாம். அங்கே இருந்து என்ன பிரயோஜனம்? பணம் கொடுக்கிறவன் சாவடியில் அல்லவா நிற்கிறான்? அங்கே தமிழில், கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள்.

சுங்கக் கட்டணத்தைப் பெரும்பாலும் ஏப்ரல் முதல் தேதியன்று உயர்த்துகிறார்கள். அந்தத் தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்களுடைய நகைச்சுவையை நான் மெச்சுகிறேன். அடுத்த ஏப்ரலில் புதுக் கட்டணப் பலகையை மாட்டும்போது, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டுவிட்டு மாட்டட்டும். 'சென்ற வருஷம் இந்தப் பணத்தில் இன்ன இடத்தில் இத்தனை நடைபாலம் கட்டினோம்' என்று எழுதுவதற்கு. கட்டவில்லையானால் அந்த வரியைக் காலியாகவே விட்டு வைக்கட்டும். வரிசையில் காத்திருக்கும்போது படிப்பதற்கு எங்களுக்கு நேரம் இருக்கிறது.