மூடுபனி மரங்களும் நிறம் நீக்கப்பட்ட சான்றுகளும்

புனேயின் குளிர்காலக் காலைகளில் வேதாள் குன்றின் மேல் ஒரு காட்சி ஆண்டுதோறும் நிகழ்கிறது. சூரியன் எழுவதற்கு முன்பே நடைப்பயிற்சியாளர்கள், மாணவர்கள், முக்காலி சுமந்த இளைஞர்கள் மேலே ஏறிவிடுகிறார்கள். கீழே நகரம் தெரியாது. வெண்மையான ஒரு படலம் மட்டும் கிடக்கும். அதிலிருந்து சில மரங்கள் எழுந்து நிற்கும். அன்று மாலைக்குள் அந்த மரங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களாகச் சமூக ஊடகங்களில் உலவத் தொடங்கிவிடும். பார்ப்பவர் அனைவரும் அழகு என்பர். படமும் அழகாகவே இருக்கும். நிறத்தை நீக்கும் அந்த ஒரு செயலில் அழகைத் தவிர வேறு என்னென்ன முடிவாகிவிடுகின்றன என்பது மட்டும் கேட்கப்படுவதில்லை.

இந்தக் கேள்வி புனேயில் எழுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. குன்றின் ஒரு புறம், சட்டக் கல்லூரிச் சாலையில், 1960-ல் தொடங்கப்பட்ட திரைப்படக் கல்லூரியும் 1964-ல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் உள்ளன. மறுபுறம், பாஷாண் பகுதியில், இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் இருக்கிறது. ஒளியைப் பதிவு செய்யக் கற்பிக்கும் நிறுவனம் ஒரு சரிவில். அந்த ஒளியைச் சிதறடிக்கும் காற்றை ஆராயும் நிறுவனம் மறு சரிவில். மூடுபனி மரத்தின் படம் இவ்விரண்டுக்கும் நடுவே எடுக்கப்படுகிறது. ஆனால் அதைப் பற்றிய பேச்சு ஒரு சரிவோடு நின்றுவிடுகிறது.

கறுப்பு வெள்ளையின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்வதே முறை. மூடுபனி தானாகவே நிறத்தை வடிக்கும் தன்மை கொண்டது. அருகிலுள்ள மரம் கரியது, அடுத்தது சாம்பல், அதற்கும் அப்பால் உள்ளது வெண்மையில் கரைந்துவிடும். தொலைவு என்பதே ஒரு நிறத்தின் படிநிலையாக மாறிவிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாகு வெறும் மையால் பனிக்குள் நிற்கும் பைன் மரங்களைத் தீட்டினார். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அந்த மடக்குத் திரைகளின் முன் நிற்பவர் யாரும் நிறம் இல்லையே என்று குறைபடுவதில்லை. ஆகவே புனே மாணவர் தம் படத்தின் நிறத்தை நீக்கும்போது அவர் பொய் சொல்கிறார் என்று எவரும் குற்றம் சாட்ட இயலாது.

சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. குன்றின் கீழே கிடந்த அந்த வெண்படலம் உண்மையில் மூடுபனிதானா?

மூடுபனி நீர்த்துளிகளால் ஆனது. அத்துளிகளின் விட்டம் பெரும்பாலும் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டாதது. அலைநீளத்தைவிடப் பெரிய துளி எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிப்பதால்தான் மூடுபனி வெண்மையாகத் தெரிகிறது. புகை, வாகன உமிழ்வு ஆகியவற்றிலிருந்து வரும் நுண்துகள்களோ பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. அவை நீலத்தை மிகுதியாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு நீல ஒளியை உறிஞ்சி, அடிவானத்துக்கு ஒரு பழுப்பு நிறத்தைத் தருகிறது. குளிர்கால இரவில் தரை விரைந்து குளிரும். அதையொட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக் காற்று மூடி போல் அமரும். முளா, முட்டா ஆறுகளின் பள்ளத்தில் அமைந்த நகரத்தின் புகை அந்த மூடிக்குக் கீழே தேங்கி நிற்கும். நீர்த்துளியும் புகையும் சேர்ந்தே இருக்கும் காலைகளும் உண்டு. மராத்தியில் மூடுபனி 'துகே', புகை 'தூர்'. தமிழிலும் பனிமூட்டம் வேறு, புகைமூட்டம் வேறு. மொழிகள் பிரித்து வைத்திருக்கும் இரண்டையும் நிறம் நீக்கப்பட்ட படம் ஒரே சாம்பலாக்கிவிடுகிறது. அடிவானத்தின் பழுப்பு முதலில் மறைகிறது. அதனுடன் நகரத்தைப் பற்றிய ஒரு செய்தியும் மறைகிறது.

நிறம் நீக்குதல் என்ற சொல்லே ஒரு மயக்கத்தைத் தருகிறது. ஏதோ ஒன்றைக் கழித்துவிட்டு மீதியை அப்படியே வைப்பது போன்ற எண்ணம் அது. உண்மையில் நடப்பது ஒரு கலவை. சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று பதிவுகளையும் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டி ஒரே பதிவாக்குகிறது மென்பொருள். பரவலாக வழங்கும் ஒரு விகிதத்தில் பச்சைக்கு ஏறத்தாழ 59 விழுக்காடு, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. இந்த விகிதத்தைப் படம் எடுப்பவர் தம் விருப்பப்படி மாற்றலாம். நீலத்தின் பங்கை உயர்த்தினால் நுண்துகள் மூட்டம் தடித்து, சாதாரண காலையும் கனவுக் காலையாகும். சிவப்பின் பங்கை உயர்த்தினால் அதே மூட்டம் மெலிந்து, தொலைவிலுள்ள மரம் துலங்கும். படச்சுருள் காலத்தில் இதே வேலையைச் சிவப்பு, மஞ்சள் வடிகட்டிகள் செய்தன. அக்காலத்தின் தொடக்கப் படச்சுருள்கள் சிவப்பை உணராதவை. ஆதலால் தொலைதூர மங்கலை அவை இயல்பாகவே மிகைப்படுத்தின. ஒரே காலையின் ஒரே பதிவிலிருந்து அடர்பனியும் எடுக்கலாம், தெளிவானமும் எடுக்கலாம் எனும்போது, கிடைக்கும் கறுப்பு வெள்ளைப் படம் அந்தக் காலையின் சாட்சியா, எடுத்தவரின் தீர்ப்பா?

இதே இயற்பியல் மறுபக்கத்தில் ஒரு வாய்ப்பையும் தருகிறது. மூலப்படத்தில் மூன்று நிறப் பதிவுகளும் தனித்தனியே உள்ளன. தொலைவிலுள்ள ஒரு மரம் சிவப்புப் பதிவில் தெளிவாகவும் நீலப் பதிவில் மங்கலாகவும் இருந்தால், நடுவே நிற்பது பெரும்பாலும் நுண்துகள் மூட்டம். இரண்டிலும் ஒரே அளவு மங்கியிருந்தால் நீர்த்துளிப் பனியாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. சூரியனின் கோணமும் கருவி செய்யும் வெண்சமன் திருத்தமும் கோப்பின் சுருக்கமும் இதைக் குழப்பக்கூடும். எனவே இது அளவீட்டுக்கு மாற்று அன்று. ஒரு முதல் ஐயத்தை எழுப்பும் கருவி மட்டுமே. இருந்தும், 1924-ல் கோஷ்மீடர் வகுத்த பார்வைத்தொலைவுக் கோட்பாடும் இதையொத்த அடிப்படையில்தான் நிற்கிறது: தொலைவு கூடக் கூட, பொருளுக்கும் அடிவானத்துக்கும் இடையிலான வேறுபாடு அடுக்குக்குறி முறையில் குறையும். வானிலை நோக்கர்களும் தொலைவு தெரிந்த கட்டடங்களையும் மரங்களையும் பார்த்தே பார்வைத்தொலைவைக் குறித்து வந்தனர். 1,000 மீட்டருக்குக் குறைந்தால்தான் அது மூடுபனி. தொலைவு தெரிந்த நான்கு மரங்கள் உள்ள ஒரு வண்ணப்படம், எடுத்தவர் அறியாமலேயே ஒரு வானிலைக் குறிப்பு. நிறத்தை நீக்கி மாறுபாட்டைக் கூட்டியபின் அது அவ்வாறு பயன்படாது.

மரத்துக்கும் இதே கதிதான் நேர்கிறது. புனேயின் குன்றுகளில் நடப்பட்ட மரங்களுள் கிளிரிசிடியா முதன்மையானது. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். விரைவில் வளர்ந்து குன்றைப் பசுமையாகக் காட்டும் என்பதற்காக நடப்பட்டது. உள்ளூர்ப் புல்வெளிக்கும் இயல் மரங்களுக்கும் அது இடம் விடுவதில்லை என்று சூழலியலாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டி வருகின்றனர். குளிர்காலத்தில் அது இலை உதிர்க்கும். இந்நிலத்துக்கே உரிய ஒதியனும் இலை உதிர்க்கும். மூடுபனியில் நிழலுருவாக நிற்கும்போது இரண்டும் கரிய கிளைகளே. குளிர்காலம் முடியும் தறுவாயில் கிளிரிசிடியா பூக்கும் இளஞ்சிவப்பு ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். நிறம் நீங்கிய படத்தில் அதுவும் இல்லை. குன்றின் வழியே பால்பாரதி – பௌட் சாலையை அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2023 ஏப்ரலில் நகர மக்கள் பேரணி சென்றார்கள். அத்தகைய வழக்காடலில், எந்த மரம் எங்கே எந்த நிலையில் நின்றது என்பது அழகியல் கேள்வி அன்று. அங்கே ஆயிரம் நிழலுருவங்களைவிட அடையாளம் தெரியும் ஒரே ஒரு வண்ணப்படம் உதவும்.

இந்திய ஒளிப்படத் துறையில் இந்த விவாதத்துக்கு முன்வரலாறு உண்டு. 1942 முதல் 1999 வரை வாழ்ந்த ரகுபீர் சிங், இந்தியப் பார்வை நிறத்தோடு பிறந்தது என்றும் கறுப்பு வெள்ளையின் துயர அழகியல் மேற்கிலிருந்து வந்தது என்றும் வாதிட்டார். அவ்வாதத்தை முழுமையாக ஏற்பது கடினம். துயரம் எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அன்று. ஆனால் கறுப்பு வெள்ளை இயல்பான நிலை அன்று, அது ஒரு தேர்வு என்பதை அவர் நினைவூட்டியது இன்றும் செல்லும். பூனா திரைப்படக் கல்லூரியில் பயின்று 1969-ல் ஒளிப்பதிவுக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர் மட்டக்களப்பைச் சேர்ந்த பாலு மகேந்திரா. 'மூடுபனி' என்றே பெயரிட்டு 1980-ல் அவர் எடுத்த தமிழ்ப்படம் வண்ணப்படம். பனியின் மனநிலையைச் சொல்ல நிறத்தைத் துறந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அந்தக் கல்லூரியின் மாணவருக்கே இருந்ததில்லை.

மூலத்தை இழப்பது என்றால் என்ன என்பதைப் புனேக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2003 ஜனவரியில் ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் படச்சுருள்கள் தீக்கிரையாயின. தொடக்ககாலத் திரைப்படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் அதில் அழிந்தன. அது விபத்து. ஆனால் கைபேசியில் நிறம் நீக்கிய படத்தைச் சேமித்துவிட்டு, இடம் போதவில்லை என்று மூலக்கோப்பை அழிப்பது நாள்தோறும் மனமறிந்து நடக்கும் செயல். அளவில் இரண்டையும் ஒப்பிட முடியாது. பின்னாளில் தேடி வருபவரின் வெறுங்கை மட்டும் இரு இடத்திலும் ஒன்றே.

காட்சி மானுடவியல், நகர்ப்புறச் சூழலியல், ஊடகவியல் ஆகிய துறைகளின் ஆய்வேடுகளில் இத்தகைய படங்கள் இன்று சான்றாக இடம்பெறுகின்றன. பின்னிணைப்பில் 'குளிர்காலப் பனி, புனே' என்ற ஒற்றை வரியோடு அவை அச்சாகின்றன. நேர்காணலைச் சுருக்கினால் சுருக்கியதைச் சொல்லவேண்டும் என்று மாணவருக்குக் கற்பிக்கப்படுகிறது. புள்ளிவிவரத்தில் விலகல் தரவுகளை நீக்கினால் காரணம் எழுதவேண்டும் என்று வற்புறுத்தப்படுகிறது. படத்தின் மூன்றில் இரண்டு பங்குத் தகவலை நீக்குவதற்கு மட்டும் ஒரு சொல்லும் கேட்கப்படுவதில்லை.

கேட்கவேண்டியது பெரிதன்று. மூலக்கோப்பு பாதுகாக்கப்பட வேண்டும். நாள், நேரம், கருவி நோக்கிய திசை, தெரிந்த ஒரு மரத்தின் தொலைவு ஆகியன குறிக்கப்பட வேண்டும். நிறம் நீக்கப்பட்டிருந்தால் படவிளக்கத்தில் அது சொல்லப்பட வேண்டும். அந்தக் காலையின் காற்றுத்தர அளவீடு கிடைக்குமானால் அருகில் தரப்பட வேண்டும். வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய சஃபர் அமைப்பு புனேயின் காற்றைக் கண்காணித்து வருவதால் இது அரிய செயலன்று. 2.5 மைக்ரோமீட்டருக்குட்பட்ட நுண்துகளுக்கு ஒரு நாளைக்கு இந்தியா ஏற்கும் வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 15. இந்த இரு எண்களுக்கு அருகே அன்றைய எண்ணையும் வைத்துப் படத்தைப் பார்ப்பவருக்கு, மரத்தைச் சூழ்ந்த வெண்மை வேறொன்றாகத் தெரியக்கூடும்.

இவற்றையெல்லாம் செய்தபின், கண்காட்சிச் சுவருக்குக் கறுப்பு வெள்ளையே பொருந்தும் என்று மாணவர் கருதினால் அவ்வாறே தொங்கவிடலாம். வேதாள் குன்றின் மரங்கள் அதற்குத் தகுதியானவையே. அந்தச் சுவரின் முன் நின்று, அன்று குன்றின் கீழே இருந்தவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்று ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு மூலப்படம் இருக்கவேண்டும்.