டிஸ்க் மீது விழுந்த வீண்பழி

முதுகு வலிக்கிறது என்று நம்மூரில் யாரிடம் சொன்னாலும் பதில் தயாராக இருக்கிறது: "டிஸ்க் விலகியிருக்கும். ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துருங்க." எடுத்தால் ஏதாவது இருக்கத்தான் செய்யும். எல்4-எல்5 இடையில் பிதுக்கம், எல்5-எஸ்1 இடையில் தேய்மானம், பக்கத்து நரம்பில் லேசான உரசல். அன்று முதல் அந்த ஆள் டிஸ்க் நோயாளி. குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, டூவீலர் ஓட்டக் கூடாது, சம்மணம் போட்டு உட்காரக் கூடாது. மெத்தைக்கு அடியில் பலகை, இடுப்பில் பெல்ட். வயது நாற்பதுகூட ஆகியிருக்காது.

ஸ்கேன் படத்தில் தெரிவதுதான் வலிக்குக் காரணம் என்ற இந்த நம்பிக்கைக்குப் படித்தவர், படிக்காதவர் பேதமில்லை. எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவர் "விலகின ஜவ்வை உள்ளே தள்ளிட்டேன்" என்கிறார். குளிரூட்டிய அறையில் இருப்பவர் படத்தைக் கணினித் திரையில் காட்டி, கறுத்துப்போன ஒரு வட்டைச் சுட்டுகிறார். இருவரும் சொல்வது ஒரே கதைதான். அந்தக் கதை பெரும்பாலானோர் விஷயத்தில் பொய்.

முதலில் உடற்கூறு. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் 23 டிஸ்க்குகளில் எதுவும் நழுவி வெளியே வந்து நிற்பதில்லை. ஒவ்வொன்றும் மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. நடப்பது வேறு: வெளிவளையத்தின் நார்கள் தளர்ந்து டிஸ்க் புடைக்கலாம், அல்லது வளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் போன்ற பகுதி பிதுங்கலாம். எந்த விரலாலும் அதைத் தள்ளி உள்ளே வைக்க முடியாது. வைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. பிதுங்கி வந்ததை அழற்சி அணுக்களே கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அகற்றிவிடுகின்றன. அதிலும் ஒரு வேடிக்கை: வெறும் புடைப்பைவிட, முழுதாகக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த துண்டுதான் தானாகச் சுருங்கி மறைய அதிக வாய்ப்புள்ளது. அறிக்கையில் எது அதிகம் பயமுறுத்துகிறதோ, அதுதான் நன்றாகக் கரைகிறது.

இந்த நம்பிக்கை காற்றில் முளைத்ததல்ல. 1934இல் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரு அறுவை மருத்துவர்கள், பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால் காலில் வலி இறங்கலாம் என்று காட்டினார்கள். அது உண்மையான, பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் கால்வலிக்குச் சொன்ன காரணத்தை எல்லா முதுகுவலிக்கும் நீட்டிவிட்டோம். பிறகு எம்.ஆர்.ஐ. வந்தது. அதுவரை மங்கலாகவே தெரிந்த டிஸ்க் இப்போது அறுக்காமலே தெளிவாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின் மேல் பழியைப் போடுவது எளிதாயிற்று.

அப்படியானால் வலியே இல்லாதவர்களின் முதுகில் என்ன இருக்கிறது? இதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வதில் நியாயமில்லை. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலி இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு, 52 சதவீதத்தினருக்கு, ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். 2015இல் வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து ஆராய்ந்தபோது, 20 வயதினரிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 50 வயதில் அது 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதைப் போல டிஸ்க்கும் நரைக்கிறது. தலைவலி வந்தவருக்கு நரைமுடியைக் காட்டிக் காரணம் சொன்னால் சிரிப்போம். முதுகுவலிக்காரரிடம் அதையே சொன்னால் பணம் கட்டி வாங்கிக்கொள்கிறோம்.

"எடுத்துப் பார்ப்பதில் என்ன கெட்டுவிடப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கெடுகிறது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதுகுவலியுள்ள 380 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாதாரண எக்ஸ்ரேயும் மறு பாதிக்கு விரைவு எம்.ஆர்.ஐ.யும் எடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் இரு பிரிவினருக்கும் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. ஆனால் அறுவை செய்துகொண்டவர்கள் எக்ஸ்ரே பிரிவில் 4 பேர், எம்.ஆர்.ஐ. பிரிவில் 10 பேர்.

இன்னும் நெருக்கமான சான்று கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. கங்கா மருத்துவமனையின் முதுகுத்தண்டு நிபுணர் எஸ். ராஜசேகரனின் குழு, நாள்பட்ட முதுகுவலியுள்ள 44 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2021இல் வெளியிட்டது. ஒரு சாராருக்கு எம்.ஆர்.ஐ. அறிக்கையை வரிக்கு வரி விளக்கினார்கள். மறுசாராரிடம், "எல்லாம் வயதுக்கேற்ற மாற்றம்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்றார்கள். ஆறு வாரத்தில், வரிக்கு வரி கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி அதிகம் பயந்தார்கள். அவர்களுக்கு வலியும் கூடுதலாக இருந்தது. படம் காட்டிய டிஸ்க் கொடுக்காத வலியை, அதற்குச் சொன்ன விளக்கம் கொடுத்திருக்கிறது.

இந்தப் பயத்தின் முதல் பிள்ளை படுக்கை. "ரெண்டு வாரம் அசையாம படுங்க" என்ற அறிவுரை இன்னும் உயிரோடிருக்கிறது. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து 1995இல் செய்த ஆய்வு அதைத் தீர்த்துவைத்துவிட்டது. திடீர் முதுகுவலி வந்தவர்களில் சிலரை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள், சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களை வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் கடைசிப் பிரிவினர்தான். படுத்தவர்களே மிக மெதுவாகத் தேறினார்கள்.

இரண்டாவது பிள்ளை கருவிகள். இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷன், ஒலியலை ஒத்தடம், மின்துடிப்பு இயந்திரம். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்புவலிக்கான தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. இவை நான்கையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது அது. பரிந்துரைப்பவை பார்வைக்குச் சாதாரணமானவை: வலியைப் பற்றிய சரியான விளக்கம், உடற்பயிற்சித் திட்டம், தேவைப்பட்டால் மனநலச் சிகிச்சை, தேர்ந்தவர் கையால் செய்யும் நீவுதல், தேவையான இடத்தில் அழற்சி குறைக்கும் மாத்திரை. இவற்றில் எதையும் மாட்டிக்கொண்டு திரிய முடியாது. விற்பதும் கடினம்.

அப்படியானால் அறுவைச் சிகிச்சை ஏமாற்றா? இல்லை. பிதுக்கம் நரம்பை அழுத்தி, முழங்காலுக்குக் கீழே வலி இறங்கி, வாரக்கணக்கில் தூங்க விடாதவருக்கு அது பெரிய நிவாரணம். நெதர்லாந்தில் அப்படிப்பட்ட கடும் கால்வலிக்காரர்கள் 283 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வந்தது. சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்கள் வேகமாகத் தேறினார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினருக்குப் பின்னால் அறுவை தேவைப்பட்டது. மற்றவர்கள் கத்தி படாமலே தேறினார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதத்தினர் நலம். சரியான நோயாளிக்கு அறுவை நேரத்தை மிச்சப்படுத்துகிறது. வெறும் முதுகுவலியோடு, படத்தில் ஒரு புடைப்பு தெரிகிறது என்பதற்காகப் போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஸ்கேனும் குற்றவாளி அல்ல. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழந்தால், உட்காரும் இடத்தில் மரத்துப்போனால், கால் வலுவிழந்துகொண்டே போனால் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் எழுப்பும் வலி, முன்பு புற்றுநோய் வந்த உடம்பு, வயதானவர் விழுந்த பிறகு வரும் வலி, இவற்றுக்கும் படம் வேண்டும். காசநோய் நிறைந்த நம் நாட்டில் அது முதுகெலும்பையும் தின்னும் என்பதை மறக்கக் கூடாது. காலையில் விறைத்து, நடமாட நடமாட இளகும் முதுகோடு வரும் இளைஞருக்கு மூட்டு வாத மருத்துவர் தேவை. இவற்றையெல்லாம் முதலில் பிரித்தறிவது மருத்துவர் கேட்கும் கேள்விகளும், காலை நீட்டி உயர்த்திப் பார்க்கும் கையும், கால் கட்டைவிரலின் வலுவைச் சோதிக்கும் விரல்களும்தான். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்து, நேரே ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுவதுதான் குற்றம்.

எனவே ஸ்கேன் மையங்களிடம் ஒரு கோரிக்கை: "டிஸ்க் தேய்மானம்" என்று அச்சடிக்கும் இடத்திலேயே, இந்த வயதில் வலியில்லாதவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கும் என்பதையும் அச்சடியுங்கள். ஒரு வரிதான். நோயாளிகளுக்கும் ஒன்று: சீட்டைக் கையில் வாங்குமுன், "இதில் என்ன வந்தால் என் சிகிச்சை மாறும், டாக்டர்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தே போங்கள். சிகிச்சையை அங்கேயே தொடங்கிவிடலாம்.