டாப் குவார்க்குக்கு ஜோடியே கிடையாதா?

"டாப் குவார்க் பொறந்தவுடனே செத்துடும், அதனால அது எதோடயும் சேராது." துகள் இயற்பியல் கொஞ்சம் படிச்ச யாரைக் கேட்டாலும் ஒப்பிக்கிற வரி இது. நானும் பல வருஷம் ஒப்பிச்சவன்தான். இனிமே முடியாது சாமி.

ஒரு கனமான குவார்க்கும் அதோட எதிர்க்குவார்க்கும் பிணைஞ்சு நிக்கிறதுக்குப் பேரு குவார்க்கோனியம். 1974-ல சார்ம் ஜோடி கிடைச்சுது. 1977-ல பாட்டம் ஜோடி. 1995-ல கண்டுபிடிச்ச டாப்புக்கு மட்டும் "ஜோடி கிடையாது"ன்னு தீர்ப்பு. காரணம் ஆயுசு. புள்ளி வச்சு 24 சைபர் போட்டு, அப்புறம் 5 போடுங்க. அவ்வளவு செகண்டுதான். ஹேட்ரானா மாற இந்த நேரம் பத்தாதுங்கறது சரி. அதுல எனக்குச் சண்டையே இல்லை.

என் சண்டை அடுத்த தாவல்லதான். ஹேட்ரான் ஆகாதுன்னா ஈர்ப்பே இருக்காதுன்னு அர்த்தமா? டாப் ரொம்ப கனம், கிட்டத்தட்ட ஒரு டங்ஸ்டன் அணு எடை. கனம் கூடினா ஜோடி ரொம்ப நெருக்கமா வரும். மெதுவா பொறக்குற ஜோடி, சாகறதுக்குள்ள ஒண்ணையொண்ணு இழுத்துப் பாத்துடும். அந்த இழுப்பு உற்பத்தியைக் கூட்டும்னு ஃபாடின், கோஸே ரெண்டு பேரும் 1987-லயே கணக்குப் போட்டுட்டாங்க. டாப்பையே அப்போ யாரும் பாத்ததில்லை!

செர்ன்ல சி.எம்.எஸ். குழு ஹிக்ஸுக்குக் கனமான சொந்தக்காரன் யாராவது இருக்கானான்னு தேடப் போச்சு. சிக்கினது 345 ஜி.இ.வி. பக்கத்துல எதிர்பாராத டாப் ஜோடிக் கூட்டம். 2025-ல அறிவிச்ச அளவு 8.8 பிகோபார்ன். அதே வருஷம் ஜூலையில அட்லஸ் குழு சொன்னது 9.0. ரெண்டுமே 5 சிக்மாவுக்கு மேல.

"அதென்ன துகளா? வெறும் மேடுதானே" ன்னு சிலர் கேக்கறாங்க. சரி, தனித்தனி நிலைகளா பிரிச்சுப் பாக்க முடியாதுதான், ஆயுசு அதை அழிச்சுடுது. வேற புதுத் துகளா இருக்கலாம்ங்கற கதவையும் அந்தக் குழுக்கள் முழுசா சாத்தலை. நானும் சாத்தலை. ஆனா "பாக்கறது கஷ்டம்"ங்கறதை "இல்லவே இல்லை"ன்னு சொல்லிக்கொடுத்தது தப்புதானே? பாடத்துல அந்த வரியை எடுக்க வேணாம்ங்க. "ஹேட்ரான் ஆகாது, ஆனா இழுத்துப் பாக்கும்"னு ரெண்டு வார்த்தை சேருங்க. படிக்கிற புள்ளை தேடிப் போக அது போதும்.