கம்பியில்லாத் திரை: வாங்குமுன் கேளுங்கள்

சுங்கை சிப்புட்டில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் என்னிடம் அடிக்கடி கேட்பது: “மடிக்கணினித் திரையைக் கம்பியில்லாமல் வகுப்பில் காட்ட எந்தக் கருவி வாங்கலாம்?”

நான் திருப்பிக் கேட்பேன்: “ஆசிரியர்கள் கையில் என்ன இருக்கிறது?”

விண்டோஸ் மடிக்கணினி என்றால் மிராகாஸ்ட் போதும். 2012இல் வந்த இந்த முறையில் இரு கருவிகளும் நேரடியாக இணைகின்றன, இணையம் வேண்டாம். விண்டோஸ் விசையோடு ‘கே’ எழுத்தை அழுத்தினால் கருவியின் பெயர் தெரியும். இணையம் தள்ளாடும் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இதுவே தோது. ஐபோன், ஐபேட் என்றால் ஏர்பிளே உள்ள கருவி வேண்டும். அவற்றில் மிராகாஸ்ட் இல்லை. 2013இல் வந்த குரோம்காஸ்ட் வைஃபையை நம்பியது. 2024இல் கூகுள் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள்.

வாங்கியபின் இரண்டு வேலை. பக்கத்து வகுப்பு தவறி நுழையாதபடி கடவு எண் வையுங்கள். பாடம் தொடங்குமுன் அறிவிப்புகளை அணையுங்கள். ஆசிரியருக்கு வரும் புலனச் செய்தியை வகுப்பே படிக்க வேண்டாம்.

கையில் ஓர் எச்டிஎம்ஐ கம்பியும் இருக்கட்டும். பெற்றோர் வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணம் அது. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்று, பணம் கொடுக்குமுன் வகுப்பறையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.