கயிறு பிடிப்பது யார்?

"டாக்டரம்மா, பிள்ளை நல்லாருக்கான்னு ஒரு கையெழுத்து போட்ருங்க. வீசிங்னு மட்டும் எழுதிராதீங்க. எழுதுனா இவள விட்டுட்டுப் போயிருவாங்க!"

தூத்துக்குடியில் என் கிளினிக்கில் ஒரு அம்மா என்னிடம் கெஞ்சியது இது. பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், தலையைக் குனிந்தபடி நின்றாள். பள்ளிக்கூடத்தில் கொழும்பு, கண்டி, நுவரெலியா என்று ஐந்து நாள் டூர். பாஸ்போர்ட் எடுத்தாச்சு. முன்பணம் கட்டியாச்சு, அதைத் திருப்பித் தர மாட்டார்களாம். பாக்கி இருந்தது ஒரே ஒரு தாள்தான். மெடிக்கல் ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட். அதில் ஒரே ஒரு கேள்வி: 'மாணவருக்கு ஏதேனும் நோய் உண்டா? ஆம் / இல்லை.'

மழைக்காலம் வந்தாலே நெபுலைசருக்கு என்னிடம் ஓடி வருகிற பெண் அவள். 'இல்லை' என்று நான் எப்படி எழுதுவேன்? 'ஆம்' என்றுதான் எழுதினேன். இடம் போதாததால் தாளின் ஓரத்தில், 'தாராளமாகப் போகலாம். இன்ஹேலர் எப்போதும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். கூட வரும் ஆசிரியைக்கு அதைக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்றும் எழுதிக் கொடுத்தேன்.

ஓரத்தில் எழுதியதை யாரும் படிக்கவில்லை. 'ஆம்' மட்டும் கண்ணில் பட்டது. 'ரிஸ்க் எடுக்க முடியாது' என்று அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அதே டூரில் போன ஒரு பையனுக்கும் வீசிங் உண்டு. அவன் வீட்டில் வேறு இடத்தில் போய் 'இல்லை' என்று வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கிற ஊர். பஸ் மலை ஏற ஏற, குளிர் காற்றில் பையனுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் எங்கே? பஸ்ஸின் அடியில், பெரிய சூட்கேஸுக்குள்! நடுவழியில் வண்டியை நிறுத்தி, நாற்பது பெட்டிகளை ரோட்டில் இறக்கித் தேடியிருக்கிறார்கள். கடவுள் புண்ணியத்தில் கிடைத்தது, பையன் பிழைத்தான். ஊர் திரும்பியதும் என்னிடம் காட்ட வந்தபோது அவன் அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உண்மையைச் சொன்ன பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தது. மறைத்த பிள்ளை மலையில் மூச்சுக்குத் தவித்தது. இதில் யார் மேல் தப்பு? அந்த அம்மா மேலா? அந்த அப்பா மேலா? இல்லவே இல்லை. அந்தக் கேள்வி மேல்தான் தப்பு!

பெற்றோரே, இதைத்தான் இன்று உங்களோடு பேச வேண்டும். 'நோய் உண்டா?' என்று கேட்டால் எந்தத் தாயும் மறைக்கத்தான் பார்ப்பாள். 'உங்கள் பிள்ளைக்கு என்ன தேவை?' என்று கேட்டுப் பாருங்கள், ஒன்று விடாமல் எழுதிக் கொடுப்பாள். நமது பள்ளிக்கூடங்கள் முதல் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும்.

கடலுக்குள் போனவனும் மேலே இருந்தவனும்

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முத்துக்குளித்த கரை இது. 1961-ம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் பெரியவர்கள் சொன்ன கதைகள் நிற்கவில்லை. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் கடலுக்குள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் அடுத்த நொடி இழுத்தாக வேண்டும். அந்தக் கயிற்றை யார் கையில் கொடுப்பார்கள்? மச்சான் கையில்! தன் அக்கா தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண் அசர மாட்டான் என்பார்கள்.

முத்துக்குளிக்கிறவரைப் பார்த்து, 'உனக்கு மூச்சு முட்டுமா, ஆம் / இல்லை?' என்று யாரும் தாள் நீட்டவில்லை. மூச்சு முட்டும் என்று தெரிந்துதான் கயிறு கட்டினார்கள். பள்ளிக்கூட டூருக்கும் அதுதான் சட்டம். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரில் யாருக்கு சர்க்கரை, யாருக்கு ஃபிட்ஸ், யாருக்கு நிலக்கடலை சேராது, யாருக்கு பஸ் ஏறினால் வாந்தி வரும் என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அவர்தான் கயிறு பிடிக்கிற மச்சான்!

அன்றும் கடல் தாண்டினோம்

வெளிநாடு போவது நமக்குப் புதிது இல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, 'காலியா', 'லாவோ' கப்பல்களை ஓட்டியது இங்கிருந்து கொழும்புக்குத்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் முகாமில் சில நாள் தங்க வைத்து, அம்மை குத்தி, நோய் இல்லை என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். அது தோட்டத்து முதலாளிகளுக்காகச் செய்த சோதனை. பிள்ளைகளுக்காக நாம் செய்கிற சோதனை அப்படி இருக்கக் கூடாது. வடிகட்டுவதற்கு அல்ல, பத்திரமாகக் கூட்டிப் போவதற்குத்தான் டாக்டர் சர்ட்டிபிகேட்.

2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடி ஓடியது; அந்த நவம்பரிலேயே நின்றும் போனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் வந்தது. 2022 நவம்பரில் போட்டிகளில் தேர்வான தமிழக அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கே அழைத்துப் போனார்கள். ஆக, இனி இது பணக்காரப் பிள்ளைகளின் சமாச்சாரம் மட்டும் இல்லை. நாளை உங்கள் வீட்டுக்கும் அந்தத் தாள் வரும்.

'எல்லாம் பார்த்துக்கலாம்' என்றால்...

பெரிய நாடுகளே இதில் கோட்டை விட்டிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் தென் கொரியாவில் சாமங்கும் என்ற இடத்தில் உலகச் சாரணர் ஜம்போரி நடந்தது. சுமார் 43,000 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். நிழல் இல்லாத திடல், கடும் வெயில். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வெப்பத்தால் உடம்புக்கு முடியாமல் போனது. இங்கிலாந்துப் பிள்ளைகளும் அமெரிக்கப் பிள்ளைகளும் பாதியிலேயே முகாமை விட்டு வெளியேறினார்கள். கடைசியில் புயல் வருகிறது என்று முகாமையே காலி செய்தார்கள். அங்கே மேடைக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. நிழல், தண்ணீர், கழிப்பறை... இவைதான் சரியில்லை என்று புகார் வந்தது.

நம் ஊர் டூர் கமிட்டிக் கூட்டங்களைப் பாருங்கள். எந்த ஓட்டல், எந்த ஷாப்பிங் மால், யூனிஃபார்ம் டீ-ஷர்ட் என்ன கலர் என்று இரண்டு மணி நேரம் பேசுவார்கள். உடம்பைப் பற்றி இரண்டு நிமிஷம்!

இப்படித் திட்டமிட்டால் என்ன?

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் போக வேண்டும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி போட்டாச்சா? டைபாய்டு ஊசி தேவையா? எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு என்றால், பத்து நாள் முன்பாவது அந்த ஊசி போட்டிருக்க வேண்டும். அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மையத்தில்தான் போடுவார்கள்.

தினமும் சாப்பிடும் மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினை விமானத்தின் சரக்குப் பகுதியில் போட்டால் உறைந்து கெட்டுவிடலாம். மருந்தை அதன் அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டு போகவேண்டும். துபாய், ஷார்ஜா பக்கம் என்றால் இன்னும் கவனம். நாம் சாதாரணமாக நினைக்கிற சில இருமல், வலி மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. அதைவிட, பாட்டி பாசத்தோடு கொடுத்தனுப்பும் பொடியில் கசகசா இருந்தால் வம்பு! அங்கே கசகசாவே தடை செய்யப்பட்ட பொருள்.

கப்பலோ மலை பஸ்ஸோ, வாந்தி வரும் பிள்ளைக்கு வெறும் வயிறும் கூடாது, பிரியாணி வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். முன் பக்கம் பார்த்து உட்காரட்டும், புத்தகமும் போனும் வேண்டாம். வாந்தி மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் நாள் முழுக்கத் தூங்கிவிடும்.

வயதுக்கு வந்த பெண்கள் இருந்தால் நாப்கின், கூட ஒரு பெண் ஆசிரியை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நல்ல கழிப்பறையில் வண்டியை நிறுத்துவது... இவை எல்லாம் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வழியில் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுகிற பெண்கள் ஏராளம்.

ஒரு முக்கியமான விஷயம். இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் அறிவித்தது. டெங்கு மட்டும் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆகவே காய்ச்சலோடு எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் அடித்தால், 'வெளிநாடு போய் வந்தோம்' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இலங்கையில் அவசரம் என்றால் 1990 என்ற எண்ணில் இலவச ஆம்புலன்ஸ் வரும். 'சுவ செரிய' என்ற அந்தச் சேவை 2016-ல் இந்தியாவின் உதவியோடு தொடங்கியதுதான். கூடப் போகும் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இந்த எண் தெரியும்?

மறைக்காதீர்கள்!

பள்ளியின் பயமும் எனக்குப் புரிகிறது. அந்நிய ஊரில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தானே? அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் பிள்ளையை நிறுத்துவதால் ரிஸ்க் குறைவதில்லை. அடுத்த வருஷம் இன்னும் பத்து வீடுகள் மறைக்கும். அப்போது அதே பள்ளி, எந்தப் பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் நாற்பது பேரைக் கடல் தாண்டிக் கூட்டிப் போகும். அதைவிடப் பெரிய ரிஸ்க் உண்டா?

பெற்றோருக்கும் ஒன்று. ஏற்கெனவே இருக்கும் நோயை மறைத்து டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தால், ஆஸ்பத்திரி பில் வரும்போது கம்பெனி கையை விரிக்க இடம் உண்டு. பணம் கிடக்கட்டும். மயக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு சர்க்கரை உண்டு என்பது தெரியாமல் ஒரு அந்நிய டாக்டர் நேரத்தை வீணடிப்பாரே, அதை யார் திருப்பித் தருவது?

சில பிள்ளைகளை நிஜமாகவே அனுப்பக் கூடாது. அடிக்கடி ஃபிட்ஸ் வந்து, மருந்து இன்னும் சரியாக அமையாத பிள்ளையைப் போல. அதை டாக்டரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். ஒரு 'ஆம் / இல்லை' தாள் முடிவு செய்யக் கூடாது. அப்படி நிற்கும் பிள்ளையின் முன்பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள். பணம் போய்விடுமே என்ற பயத்திலும்தான் பல வீடுகளில் உண்மையை மறைக்கிறார்கள்.

அந்தப் பெண் போன மாதம் வந்திருந்தாள். "அடுத்த வருஷம் சிங்கப்பூராம் டாக்டர். இந்தத் தடவை அம்மா சொல்லவே வேண்டாம்ங்கறாங்க" என்றாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

அவளையும் அம்மாவையும் உட்கார வைத்து, அவள் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினோம். என்ன நோய் என்று ஒரு வரி. அவளுக்கு என்ன தேவை என்று ஆறு வரி. யாருக்கு எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று வரி. நானே வந்து ஆசிரியைகளுக்கு இன்ஹேலர் பிடிக்கக் காட்டித் தருகிறேன், பத்து நிமிஷம் கொடுங்கள் என்று கடைசியில் சேர்த்தேன். பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டுக்கு அந்தத் தாள் வந்தால், நீங்கள் மட்டும் தனியாகப் போகாதீர்கள். அதே மாதிரிப் பிள்ளை உள்ள நாலு பெற்றோர் சேர்ந்து போங்கள். 'எங்கள் பிள்ளைக்கு கயிறு பிடிக்கப் போவது யார்?' என்று கேளுங்கள். பெயர் சொன்னால் பணம் கட்டுங்கள்!