கட்டிக்குக் காலண்டர் தெரியுமா?

எல்லோருக்கும் வைத்திய இன்ஷூரன்ஸ் என்று பேச்சு வந்தால் நம்மவர்கள் உடனே ஜப்பானைக் காட்டுவார்கள். காட்டட்டும், தவறில்லை. 1961-லேயே தேசத்து ஜனங்கள் எல்லோரையும் ஏதாவது ஒரு சுகாதார இன்ஷூரன்ஸில் சேர்த்துவிட்ட நாடு அது. பெரும்பாலோர் வைத்தியச் செலவில் நூற்றுக்கு முப்பது கொடுத்தால் போதும். அந்த முப்பதும் மலையாகக் குவிந்து குடும்பத்தை அமுக்கிவிடக் கூடாதென்று 1973-ல் இன்னோர் ஏற்பாடும் செய்தார்கள். ஒரு மாதத்தில் நோயாளி தன் கையிலிருந்து கொடுப்பதற்கு ஓர் உச்சவரம்பு கட்டினார்கள். இதையெல்லாம் நான் மனமாரப் போற்றுகிறேன். போற்றுவதனால்தான், அதே வீட்டின் ஒரு மூலையில் நடக்கிற அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த மூலையில் இருப்பவர் யார்? ஒரு தரம் கட்டி வந்து, அறுத்து எறிந்து, பிழைத்தோம் என்று மூச்சு விட்டபிறகு, மறுபடியும் கட்டி வந்தவர். மூத்திரப்பையின் உட்சுவரில் மேலாக முளைக்கிற கட்டி இந்த ரகம்தான். சுரண்டி எடுத்தாலும் பலருக்குத் திரும்ப வரும். அதனால் சில மாதங்களுக்கு ஒரு முறை குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரைப்பையிலும் குடலிலும் எழும்பும் 'கிஸ்ட்' என்ற கட்டி பரவிவிட்டதானால், இமாடினிப் போன்ற மாத்திரையை நாள் தவறாமல் வருஷக்கணக்கில் விழுங்க வேண்டும். நிறுத்தினால் கட்டி மீண்டும் தலைதூக்கும். இவர்கள் நோயோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். மாதாமாதம் வீட்டு வாடகை கொடுப்பதுபோல் உயிருக்கும் வாடகை கொடுக்கிறவர்கள்.

அந்த வாடகை எவ்வளவு? 2025-ல் இருந்த கணக்கைச் சொல்லுகிறேன். எழுபது வயதுக்கு உட்பட்டவர். வருஷத்துக்கு 37 லட்சம் யென்னிலிருந்து 77 லட்சம் யென் வரை வருமானமுள்ள நடுத்தரக் குடும்பஸ்தர். ஒரு மாத வைத்தியச் செலவு 10 லட்சம் யென் ஆனால் அவர் பங்கு 87,430 யென். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை வரம்பைத் தொட்டுவிட்டால், நாலாவது முறையிலிருந்து 44,400 யென். பெரிய சலுகைதான். ஆனால் மாதம் தவறாமல் 44,400 என்றால் வருஷத்துக்கு 5,32,800 யென் ஆகிறது. 37 லட்சம் வாங்குகிறவருக்கு இது, வரி பிடிப்பதற்கு முந்திய வருமானத்திலேயே ஏழில் ஒரு பங்கு.

அதிலும் மாதம் என்றால் முதல் தேதி முதல் கடைசித் தேதி வரை. 25-ந் தேதி ஆஸ்பத்திரியில் படுத்து மறுமாதம் 5-ந் தேதி எழுந்தால், இரண்டு மாதக் கணக்கு, இரண்டு வரம்பு. கட்டிக்குக் காலண்டர் தெரியுமா? நோயினால் வேலை போய், கம்பெனி இன்ஷூரன்ஸை விட்டு நகரசபை நடத்தும் இன்ஷூரன்ஸுக்கு மாறுகிறவர் கதி இன்னும் மோசம். அதுவரை எண்ணி வைத்த மூன்று தடவையும் அழிந்துபோய், ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். விழுந்தவனைத் தூக்கிவிட ஏற்பட்ட சட்டம், அவன் விழுந்த நேரம் பார்த்துக் கணக்கை அழிக்கிறது!

இந்த நிலைமையில், 2024 டிசம்பரில் ஜப்பான் சர்க்கார் உச்சவரம்பையே உயர்த்தத் தீர்மானித்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது என்று திட்டம். காரணம் என்ன? கிழவர்கள் பெருகிவிட்டார்கள், மருந்துகள் விலையேறிவிட்டன, உழைக்கும் வயதினர் சந்தா கட்டி மாளவில்லை. இந்தக் காரணங்கள் பொய் அல்ல. ஆனால் இதனால் சந்தாதாரருக்குக் குறையப்போவது எவ்வளவு என்று சர்க்காரே கணக்குக் காட்டியது: தலைக்கு வருஷத்துக்கு 1,100 யென்னிலிருந்து 5,000 யென் வரை. மாதத்துக்கு நூறிலிருந்து நானூறு சொச்சம்! ஆரோக்கியசாலி ஒருவன் ஒரு வேளை காப்பிச் செலவை மிச்சப்படுத்துவதற்காக, மூன்றாம் முறை கட்டி வந்தவன் மருந்தை விடலாமா என்று யோசிக்க வேண்டும்!

யோசிப்பான் என்று நான் கற்பனை செய்யவில்லை. சர்க்கார் கணக்கிலேயே அது இருந்தது. வைத்தியச் செலவில் மிச்சமாகும் என்று எதிர்பார்த்த சுமார் 53,300 கோடி யென்னில் சுமார் 22,700 கோடி, கட்டணம் ஏறுவதால் ஜனங்கள் வைத்தியத்தைக் குறைத்துக்கொள்வார்கள் என்பதனால் வரும் மிச்சம். நோயாளி வராமல் இருப்பதை லாபக் கணக்கில் எழுதுகிற இன்ஷூரன்ஸுக்கு இன்ஷூரன்ஸ் என்று பெயர் வைப்பானேன்?

பலர் இன்ஷூரன்ஸைச் சீட்டுப் பணம் மாதிரி நினைக்கிறார்கள். கட்டியவன் எடுக்க வேண்டும்; அதிகம் எடுத்தவன் அதிகம் கட்ட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். இது சீட்டு அல்ல, குடிமராமத்து. ஏரிக்கரையை ஊரே கூடிக் கட்டிக் காக்கிறது. கரை உடைந்து எவன் வயல் முதலில் முழுகிற்றோ, அவனைப் பார்த்து, "உனக்குத்தானே கஷ்டம், நீ இரண்டு கூடை மண் கூடப் போடு" என்று எந்த ஊராவது சொல்லுமா?

ஜப்பானிய நோயாளிகள் சும்மா இருக்கவில்லை. புற்றுநோயாளர் சங்கங்களின் கூட்டமைப்பு கருத்துக் கேட்டபோது சில நாட்களுக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள். 2025 மார்ச் 7-ந் தேதி பிரதம மந்திரி இஷிபா திட்டத்தை ஒத்திவைத்தார். கீழ்ச்சபை நிறைவேற்றிவிட்ட பட்ஜெட்டையே மறுபடி திருத்த வேண்டியதாயிற்று. படுக்கையில் கிடப்பவர்களின் குரலுக்குக் கிடைத்த வெற்றி இது. சந்தோஷம்.

ஆனால் ஒத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு. அந்த வருஷக் கடைசியிலேயே, மாத வரம்பை ஏற்றும் யோசனையை மறுபடி கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கும் ஒரு வரம்பு என்ற நல்ல யோசனையை அதன் தலைமேல் பூவாகச் சூட்டினார்கள். பழைய சரித்திரமும் இதுதான். சம்பளக்காரர் கொடுக்கும் பங்கு 1984-ல் நூற்றுக்குப் பத்து, 1997-ல் இருபது, 2003-ல் முப்பது. ஒவ்வொரு தடவையும், 'இத்தோடு சரி' என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். கட்டி மட்டுமல்ல, கட்டணமும் திரும்பத் திரும்ப முளைக்கிறது.

பணம் எங்கிருந்தோ வரத்தான் வேண்டும். சந்தாவைச் சற்று ஏற்றட்டும். சாதாரண ஜுரத்துக்கும் தலைவலிக்கும் கட்டணம் கூட்டட்டும். ஆரோக்கியமானவர்கள் எல்லோரும் சேர்ந்து சுமந்தால் அது ஒரு பிடி மண்தான். நீண்ட நாள் நோயாளியின் மாத வரம்பை மட்டும் தொடாமல் விடட்டும். எண்ணிய தடவைகள் அவர் எந்த இன்ஷூரன்ஸுக்கு மாறினாலும் கூடவே போகட்டும். மறுபடி மறுபடி வருகிற நோயாளியைச் செலவு வைக்கிறவனாகப் பார்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன் மறுபடி வருகிறான் என்றால், போன தடவை பிழைத்தான் என்று அர்த்தம். அதற்காகத்தானே ஐயா, எல்லோருமாகச் சந்தா கட்டினோம்?